வெள்ளியம்பாளையத்தில் ஓர் இடம்

அந்தப் பெண் எதற்காகச் சிரித்தாள் என்பது அம்சவேணிக்கு இன்னும் பிடிபடவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, கல்யாண வீட்டுப் பந்தியில் தனக்கு இடம் பிடித்து வைத்திருந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தால் என்ன அர்த்தம்? அதுவும் இந்த இடத்தில். சென்னையில், தேர்வாணையக் கட்டடத்தின் குளிர்ந்த கூடத்தில், யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கிற நிலைமையில் இல்லை. தணிக்கைத் துறைக்குத் தேர்வானவர்களை மதிப்பெண் வரிசைப்படி உட்கார வைத்திருந்தார்கள். எதிரே பெரிய திரையில் ஊர்ப் பெயர்கள், ஒவ்வோர் ஊருக்கும் நேராக அங்கே எத்தனை இடம் காலி என்ற எண். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து மேசைக்குப் போய் வேண்டிய ஊரைச் சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் அந்த எண்ணில் ஒன்று குறையும். தீர்ந்துவிட்டால் ஊரே திரையிலிருந்து மறைந்துபோகும். கிருஷ்ணகிரி அப்படித்தான் சற்று முன்பு போனது, பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஆக, இங்கே முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நம் வாய்க்குப் போவதைத் தட்டிப் பறிக்க வந்தவர்கள், பின்னால் இருப்பவர்கள் நாம் எப்போது வழுக்கி விழுவோம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இடப்பக்கத்து நாற்காலிக்காரி வரிசையில் அம்சவேணிக்கு ஒரே ஒரு ஆள் முன்னால். இந்தக் கூடத்தில் யாரைக் கண்டு பயப்பட வேண்டுமோ அவளேதான் சிரிக்கிறாள். வெள்ளியம்பாளையத்துக்கு நேராக இப்போது ஒன்று என்றுதான் இருந்தது. வெள்ளியம்பாளையம் அம்சவேணியின் ஊர். அந்த ஒன்று தன் முறை வரும்வரை தாங்கினால் அரசாங்க வேலை, தாங்காவிட்டால் திரும்பிப் போய் முதலாளி சென்னியப்பனின் கம்பெனி என்று ரயிலிலேயே மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். மகள் இரண்டாம் வகுப்பு, கணவன் பூபதி வாரத்தில் பாதி நாள் மருந்து மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற பிரதிநிதி, வேறு ஊரில் போய்த் தனியாக இருப்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. நல்ல ஏற்பாடுதான், முடிவைத் தான் எடுக்காமல் திரைமேல் போட்டுவிட்டாள். ஆனால் அதற்காகத் திரையைச் சும்மா விட்டுவிடவா முடியும்?

சந்தேகப்படுவது அவளுக்குப் பிறவிக் குணம் என்று பூபதி சொல்வான். அது பொய். அது தொழில் கொடுத்த குணம். பின்னலாடைக் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கணக்குப் பார்த்தவளிடம் யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் அவர்கள் கையில் தேதி மாற்றின பில் இருக்கிறது என்று அர்த்தம். சாயப்பட்டறைக்காரர் தீபாவளிக்கு முன்னால் இனிப்புப் பெட்டி கொடுத்தால் ஒரே சரக்குக்கு இரண்டு தடவை காசு கேட்கப்போகிறார். முறைப்பவனை நம்பலாம், சிரிப்பவனை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூட்டிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டாள். இன்னொன்றும் தெரிந்துகொண்டாள். கணக்குத் தொழிலில் யாரும் எதையும் தானாகச் சொல்வதில்லை. ஆண்டுக் கணக்கு முடிகிற காலத்தில் வெளித் தணிக்கையாளர் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் குறிப்பு எழுதுவது அவள்தான். எல்லாக் குறிப்புக்கும் ஒரே வால். நிர்வாகம் அளித்த விளக்கத்தின்படி. எமக்குத் தெரிந்தவரை. தனியாகச் சரிபார்க்கப்படவில்லை. அந்த வால் இருந்தால் போதும், சரக்கு கிடங்கில் இருக்கிறது என்றும் எழுதலாம், கிடங்கே இருக்கிறது என்றும் எழுதலாம், நாளைக்கு ஒன்றும் இல்லை என்று ஆனால் எழுதினவள் தலை உருளாது. முதல் வருஷம் அதை எழுதும்போது கை கூசியது. இரண்டாவது வருஷம் முதல் அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கூடம் ஏன் இவ்வளவு குளிராக இருக்கிறது, காலையில் ஒரு காப்பி குடித்ததே தப்பு, எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். போகவில்லை. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். பக்கத்துக்காரி பையைத் திறந்து ஒரு சால்வையை எடுத்து, வேணுமா என்பது போல் நீட்டினாள். அம்சவேணி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

சென்னியப்பனும் இப்படித்தான் நீட்டினார். நீட்டினது சால்வை இல்லை, ஒரு கம்பெனி. பழைய கம்பெனிக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறார், ஏற்றுமதிக்கென்று தனியாக. அதில் அம்சவேணியை இயக்குநராகப் போடுவதாகச் சொன்னார். கண்ணாடி அறை, காலையில் வீட்டு வாசலுக்குக் கார், இப்போது வாங்குவதைப் போல இரண்டு பங்குக்கு மேல் சம்பளம். அவர் அறையில் சாமி படத்துக்கு வைத்த மல்லிகை வாடி ஒரு மாதிரி மணம் வந்துகொண்டிருந்தது. அவருடைய மகன் இருக்கிறான், மருமகன் இருக்கிறான், சகலை வேலையில்லாமல் திரிகிறான், அத்தனை பேரையும் விட்டுவிட்டு ஏனுங்க நானு என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நீங்க நம்மூட்டுப் புள்ளை மாதிரி அம்மிணி. உங்க பேர்ல இருந்துச்சுன்னா நான் நிம்மதியாத் தூங்குவனுங்க.” அந்த வாக்கியத்தை அவள் இந்த மூன்று வாரமாக எத்தனை பக்கம் புரட்டிப் பார்த்திருப்பாள்! நம் வீட்டுப் பிள்ளை மாதிரி என்றால் வீட்டுப் பிள்ளை இல்லை. வீட்டுப் பிள்ளைக்கு வரக்கூடாதது எதுவோ அது மாதிரிப் பிள்ளைக்கு வரலாம். அவர் நிம்மதியாகத் தூங்குவார், சரி, தூங்காமல் இருக்கப்போவது யார்? அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் கணக்குப் பார்த்தவர் திருமூர்த்தி. அவரையும் சென்னியப்பன் ஏதோ ஒரு கம்பெனியில் இயக்குநராக்கினார். அந்தக் கம்பெனி இப்போது இல்லை, திருமூர்த்தி இருக்கிறார், வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய்க்கொண்டு. ஒரு தடவை பேருந்து நிலையத்தில் எதிரில் வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். சட்டை மட்டும் பழைய ஆளுடையது. அவள் கேட்காமலே நின்று, “கையெழுத்துப் போட்டவந்தானம்மா மாட்டுவான், போடச் சொன்னவன் இல்லை” என்று சொல்லிவிட்டு ஏதோ சாமான் வாங்க வந்தவர் மாதிரி போய்விட்டார். சென்னியப்பனிடம் கேட்டால், அவர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார் அம்மிணி என்பார். எதில் அவசரப்பட்டார் என்று சொல்ல மாட்டார். ஆனால் இதே சென்னியப்பன்தான் அவளுக்கு மகள் பிறந்தபோது ராத்திரி என்று பாராமல் தன் காரை அனுப்பினார், தானே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் பூபதியோடு உட்கார்ந்திருந்தார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அன்றைக்கே இன்றைக்கு வேண்டியதற்கு முன்பணம் கட்டினாரா, இல்லை மனுஷன் நல்லவர்தானா? நல்லவராகவும் இருந்து மாட்டியும் விடலாம். அதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம். கெட்டவன் என்று தெரிந்தால் ஒரு நிமிஷத்தில் உதறிவிட்டு வந்துவிடலாம்.

திரையில் கரூர் ஒன்று குறைந்தது. அப்பாடா என்று இருந்தது. வெள்ளியம்பாளையம் அப்படியே இருந்தது, ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசைவது போலத் தெரிந்தது, கண்ணை மூடித் திறந்தாள். கீழே டீக்கடையில் பூபதி உட்கார்ந்திருப்பான், செய்தித்தாளில் எல்லாப் பக்கத்தையும் முடித்திருப்பான். நேற்றைக்கும் கேட்டாள், ரயிலிலும் கேட்டாள், என்னதாங்க பண்ணட்டும். அவன் சொல்வது ஒன்றே ஒன்றுதான், உன்ற இஷ்டம். ஒரு தடவை சொன்னால் அன்பு. இரண்டு தடவை சொன்னால் மரியாதை. இத்தனை தடவை சொன்னால் ஏதோ இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து சாம்பாரில் முருங்கைக்காய் போடுவதா கத்தரிக்காய் போடுவதா என்பதில்கூட அபிப்பிராயம் சொல்கிறவன், வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்கிற விஷயத்தில் மட்டும் உன்ற இஷ்டம் என்கிறான் என்றால் அவனுக்கு ஓர் இஷ்டம் இருக்கிறது, அதை அவன் வாயால் சொல்லமாட்டான், நாளைக்கு நீதானே சொன்னாய் என்று இவள் கேட்டுவிடக் கூடாது. போன வாரம் புதுக் கம்பெனியின் பெயரைச் சர்வ சாதாரணமாகச் சொன்னான். இவள் அவனிடம் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. சொன்னாளா? சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். இல்லை, சாப்பிடும்போது மகளுடைய பள்ளிக்கூடத்து வேன்காரரைப் பற்றித்தான் பேசினார்கள். சென்னியப்பன் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருப்பாரோ, மாப்பிள்ளை நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க என்று. அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு. ஆனால் அப்படிச் சேர்ந்திருந்தால் இவளோடு சென்னைக்கு ஏன் வருகிறான், கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சான்றிதழ்கள் எல்லாம் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டு? கண்காணிக்க வந்திருக்கலாம். சீ என்று இருந்தது அவளுக்கு. பாவம், அவன் காலையில் தன் இட்லியில் ஒன்றை இவள் இலையில் வைத்தான். இட்லியையும் விட்டுவைக்கவில்லை இந்தப் பாழாய்ப்போன மனசு, அதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது.

சரி, அரசாங்கம் மட்டும் யோக்கியமா என்றால் அதிலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. கம்பெனிக்கு ஒரு தடவை ஏதோ ஒரு துறையிலிருந்து அதிகாரி சோதனைக்கு வந்தார். கறாரான ஆள் என்று முன்கூட்டியே தகவல், எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அம்சவேணிதான் சாமர்த்தியமாக அவருக்குக் காற்றோட்டமான ஜன்னலோர மேசை போட்டுக் கொடுத்தாள். மத்தியானம் அவர் தன் பையிலிருந்து தயிர்சாதத்தை எடுத்தபோது, ஊறுகாய் மட்டுமாவது வாங்கிக்கலாமுங்க சார் என்றாள். ஊறுகாய்தானே என்று அவரும் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் ஊறுகாயோடு அப்பளம், அதற்கடுத்த நாள் அவர் டப்பாவே கொண்டுவரவில்லை. கடைசி நாள் அறிக்கையில் அவர் குறை என்று எழுதினது தீயணைப்பு வாளியில் மணல் இல்லை என்பது ஒன்றுதான். அன்றைக்கு அம்சவேணியைச் சென்னியப்பன் எல்லார் முன்னாலும் புகழ்ந்தார், அவளுக்கும் உச்சி குளிர்ந்தது. இப்போது அவள் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காரப்போகிறாள். ஏதோ ஒரு நகராட்சியில், ஏதோ ஒரு பேரூராட்சியில், இவளைப் போலவே ஒருத்தி ஜன்னலோர மேசையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவள் நீட்டுகிற ஊறுகாயை வேண்டாம் என்று சொல்ல எத்தனை நாள் முடியும்? அந்த அதிகாரியும் முதல் நாள் தண்ணீர் வேண்டாம் என்றவர்தானே. கம்பெனியில் இருந்தால் மற்றவன் செய்த தப்புக்கு மாட்டுவாள், இங்கே வந்தால் தானே தப்புச் செய்கிற ஆளாகிவிடுவாளோ என்று திகிலாக இருந்தது. அதைவிட, தான் எப்படி இந்தப் பரீட்சையில் தேறினோம் என்பதிலேயே அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. மகளைத் தூங்கவைத்துவிட்டு, பாதிக் கண்ணில் படித்த படிப்பு. முடிவு வந்த அன்று பதிவெண்ணை நாலைந்து முறை சரிபார்த்தாள், யாரோ ஒரு அம்சவேணிக்குப் போக வேண்டியது தவறி வந்துவிட்டதோ என்று.

பக்கத்துக்காரி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பெயர் சுகந்தமணி, ஊர் தாராபுரம் பக்கம், கட்டிக்கொடுத்தது வெள்ளியம்பாளையத்தை அடுத்த கிராமத்தில், வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார், மாமனாருக்குப் பக்கவாதம் வந்து கட்டிலோடு இருக்கிறார், பையனுக்கு மூன்று வயசு, இப்போது மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், இதுவரை வேலைக்கே போனதில்லை, தபாலில் பி.காம். படித்தாள். இத்தனையையும் அம்சவேணி ஒன்றுமே கேட்காமல், புடவைக் கடையில் மடிப்பைப் பிரித்துப் போடுவது போலப் பிரித்துப் போட்டாள். கடைசியில், வெள்ளியம்பாளையம் கிடைத்துவிட்டால் மாமனாருக்கு மத்தியானச் சாப்பாடு ஊட்டிவிட்டுக்கூடப் போய் வந்துவிடலாம், அதைத்தான் எடுக்கப்போகிறேன் என்றாள். ஒருத்தி தன் கையில் இருப்பதை இப்படியா காட்டுவாள்? இந்த வரிசையில் இருப்பவர்கள் காலையிலிருந்து என்ன எடுக்கப்போறீங்க என்று கேட்டால் இன்னும் முடிவு பண்ணலை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், முன்னால் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் அரியலூர் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சேலத்தை எடுத்தார். அதுதான் இங்கே முறை. இவள் மட்டும் நிஜத்தைச் சொல்கிறாள் என்றால் அது நிஜமாக இருக்க முடியாது. வேறு எதையோ குறி வைத்திருக்கிறாள், அம்சவேணி என்ன எடுக்கப்போகிறாள் என்பதைக் கறப்பதற்காகத்தான் மாமனார், பக்கவாதம் என்று காதில் பூச்சுற்றுகிறாள். மூன்று வயசுப் பையனை விட்டுவிட்டு வந்தவள் இவ்வளவு சிரிப்பாளா? ஆனால் அவளுடைய ரவிக்கைக் கையில் பாலோ கஞ்சியோ சிந்திக் காய்ந்த கறை ஒன்று இருந்தது, கிளம்புகிற அவசரத்தில் கவனித்திருக்க மாட்டாள். அம்சவேணி அந்தக் கறையைப் பார்த்தாள், பிறகு பார்க்காத மாதிரி திரைக்குத் திரும்பிக்கொண்டாள். நீங்க எந்தூருங்க்கா என்று சுகந்தமணி கேட்டாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள், வாய் சொல்லிவிட்டது, வெள்ளியம்பாளையந்தானுங்க. சொன்ன கையோடு, ஆனா நான் இன்னும் முடிவு பண்ணலை, இருக்கிற கணக்கு வேலையே நல்லாத்தான் போகுது என்று சேர்த்துக்கொண்டாள். சுகந்தமணியின் முகம் மலர்ந்துவிட்டது. தன் ஊரைச் சேர்ந்த ஒருத்தி கிடைத்துவிட்ட சந்தோஷம், அல்லது அது மாதிரி ஒன்று.

முன்வரிசை காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொருவர் எழும்போதும் அம்சவேணி திரையைப் பார்த்தாள். ஒருவர் தேனி, ஒருவர் விழுப்புரம். ஒரு பையன் மேசைக்கு முன்னால் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டு நாகப்பட்டினம் என்றான். அந்த ஒன்றை யாரும் தொடவில்லை, இனி அதைத் தொட ஒருத்திதான் பாக்கி. அப்போது சுகந்தமணி இவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “ஏனுங்க்கா, நீங்க அந்தூர்ல கணக்கு வேலையிலயே இருக்கறீங்க. அந்த ஆபீசு எப்படிங்க? எனக்கு ஒண்ணுந்தெரியாது, அதான் கேக்கறேன்.” என்ன எதிர்பார்த்து இதைக் கேட்கிறாள் என்று யோசிக்க அம்சவேணிக்கு நேரம் இருக்கவில்லை. யோசித்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யார் கண்டது. அவள் வாய், ஆண்டுக் கணக்கு முடிகிற காலத்தில் அவளுடைய பேனா போகிற அதே வேகத்தில் போனது. “ஆபீசு நல்ல ஆபீசுதானுங்க. ஏதோ கேஸ் ஒண்ணு ஓடுதுன்னு மட்டும் கேள்வி. உறுதியாத் தெரியாதுங்க.” யார் சொல்லிக் கேள்வி? அதைத்தான் அவள் உடனே தேட ஆரம்பித்தாள். டைப்பிங் மையத்து வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்களே, ஏதோ ஆபீஸ், ஏதோ கோப்பு காணோம் என்று. அது பத்திரப்பதிவு ஆபீஸா? வேறு ஊரா? அது போன வருஷம் இல்லையா? இருந்தாலும் எந்த ஆபீசில்தான் கேஸ் இல்லை, தேடினால் ஒன்று அகப்படாமலா போகும். உறுதியாகத் தெரியாது என்று சொல்லியாயிற்று. கேள்வி என்று சொல்லியாயிற்று. எந்தத் தணிக்கையாளரும் இந்த வாக்கியத்தில் குறை கண்டுபிடிக்க முடியாது. சுகந்தமணியின் சிரிப்பு மெல்லப் போய்விட்டது, அவள் சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். புதுசாப் போறவங்களையும் அதுல இழுத்து விட்டுருவாங்களாங்க்கா என்று கேட்டாள். இப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அம்சவேணிக்கே தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கேட்டபோதுதான் தெரிந்தது: “பழைய ஆளுக சொல்லுவாங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடும்மான்னு. புதுசுதானே, நாமளும் போட்டுருவோம். கையெழுத்துப் போட்டவங்கதானுங்க மாட்டறது. போடச் சொன்னவங்க இல்லை.” எந்த வாலும் ஒட்டாமல் வந்த வாக்கியம் அது, அதனால்தானோ என்னவோ அவ்வளவு உண்மையாக இருந்தது. மூன்று வாரமாக அவள் நெஞ்சில் கிடந்து அறுத்த பயம் அப்படியே முழுசாக எழுந்துபோய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு லேசாக இருந்தது. லேசாக இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சுகந்தமணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, சால்வையை நாற்காலியில் மறந்து வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாக மேசைக்குப் போனாள். இப்போது தெரிந்துவிடும் என்று அம்சவேணி நினைத்தாள். இவள் நடித்தவள் என்றால் நேராகப் போய் வெள்ளியம்பாளையம் என்பாள், அந்த ஒன்று போகும், தன் மனசும் நிம்மதியாகும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, இரண்டு பேரும் பொய் சொன்னார்கள், கெட்டிக்காரி ஜெயித்தாள், அவ்வளவுதான். சொல்லிவிடடி என்றுகூட ஒரு கணம் வேண்டிக்கொண்டாள். நிஜமாகவே வேண்டிக்கொண்டாள். சொல்லிவிட்டால் பூபதியிடம் போய் இடமில்லை என்று சொல்லலாம், சென்னியப்பனிடம் போகலாம், அவர் மாட்டிவிட்டால் அது அவர் பாவம். அதிகாரி ஏதோ கேட்டார். சுகந்தமணி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள், முதுகுதான் தெரிந்தது, ஒல்லியான முதுகு. பின்னால் யாரோ செருமினார்கள். அதிகாரி மறுபடி கேட்டார், சீக்கிரம் சொல்லுங்கம்மா. அவள் சொன்னது கேட்கவில்லை. திரையில் ராமநாதபுரம் ஒன்று குறைந்தது. ராமநாதபுரம்! வெள்ளியம்பாளையத்திலிருந்து அங்கே போக ஒரு முழுப் பகல் வேண்டும். அம்சவேணி வாயைத் திறந்தாள். என்ன சொல்லத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது, அதற்குள் இவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கால் நடந்தது. மேசைக்குப் போகிற அந்தத் தூரத்தில் எத்தனையோ செய்யலாம் என்று தோன்றியது. சார், அந்தம்மாவுக்கு மாத்திக் கொடுங்க என்று கேட்கலாம், ஒருதரம் எடுத்தால் மாற்ற முடியாது என்று காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் கேட்கலாம். ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். தஞ்சாவூரை எடுக்கலாம், எடுத்தால் கணக்கு நேராகும், அவளுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். ஆனால் மகள் என்ன செய்வாள். திருமூர்த்தியின் தொளதொளத்த சட்டை ஞாபகம் வந்தது. அதிகாரி நிமிர்ந்து, எந்த ஊர் என்றார். இவள் குரல் யாருடையதோ போலத் தெளிவாக வந்தது. வெள்ளியம்பாளையம். திரையில் அந்த வரி இல்லாமல் போயிற்று.

ஆணைச் சீட்டுக்காகப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஏற்கனவே சுகந்தமணி உட்கார்ந்திருந்தாள். திரை அவளுக்கு நேர் எதிரே இருந்தது, பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அம்சவேணி பெஞ்சின் இந்த ஓரத்தில் உட்கார்ந்து, பையைத் திறந்து எதையோ தேடுவது போல் தேடினாள். இப்போது கேட்பாள், ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்பாள். அதற்குப் பதில் தயாராக இருந்தது, உறுதியாத் தெரியாதுன்னு நான் சொன்னேனுங்களே. எல்லார் முன்னாலும் சண்டை போடுவாள், போடட்டும், நாலு வார்த்தை திட்டு வாங்கினால் தீர்ந்துவிடும். அழுவாள், அழுதால்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. சுகந்தமணி நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண் சிவந்திருந்தது, அழுது துடைத்தாயிற்று போலிருக்கிறது. “அந்த ஆபீசையே எடுத்துட்டீங்களேக்கா. கேஸு இருக்குதுன்னு தெரிஞ்சும். எனக்கு அத்தனை தைரியம் வராதுங்க, நான் கொழந்தக்காரி” என்றாள். பிறகு அம்சவேணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், ஜில்லென்று இருந்தது அந்தக் கை. “உங்களாட்ட யாரு சொல்லுவாங்க. பாத்து இருங்க்கா. எதுலயும் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்றாதீங்க.” அம்சவேணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இருக்க வேண்டும். கோபம் இருக்க வேண்டும், குத்தல் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் தெரிந்துகொண்டேன் என்கிற ஒரு ஜாடையாவது எங்காவது ஒரு மூலையில் இருந்தே தீர வேண்டும். கண்ணில், உதட்டோரத்தில், புருவத்தில், அந்தச் சிவப்புக்குள் எல்லாம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். உள்ளேயிருந்து யாரோ சுகந்தமணி, ராமநாதபுரம் என்று கூப்பிட்டார்கள். அவள் பிடியை விட்டுவிட்டு எழுந்து போனாள். அம்சவேணி இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.